பேசக் கூடாத ஒரு மணி நேரம்

மருத்துவமனையின் அடித்தளத்தில் அவனுக்கு மீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கதிர் அளக்கும் சின்னக் கருவியை எந்நேரமும் கையில் பிடித்துக்கொண்டு மேஜை, கதவுப்பிடி, குப்பைக்கூடை, புதிதாகச் சேர்ந்த நர்ஸின் டீ கோப்பை என்று கண்டதன் மேலெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஒருமுறை பெரிய டாக்டரின் புது ஷூவில் கருவி கடகடவென்று கத்திவிட்டது. மனுஷர் வெறும் காலோடு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து மீட்டரைக் கண்டால் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார்.

வயது ஐம்பத்தெட்டு. ஒன்பது வயது மூத்த அக்காவுக்கு அவன் இன்னும் 'டேய்' தான் என்பதால் இந்தக் கதையிலும் அவன் அவனாகவே இருக்கட்டும்.

தினமும் காலை ஏழு மணிக்கு ஈயப் பானைக்குள் மருந்து வந்து இறங்கும். மருந்து என்பது பழக்கதோஷத்தில் சொல்வது. அது எந்த நோயையும் குணமாக்காது. ஒருவகைச் சர்க்கரைத் தண்ணீர், அவ்வளவுதான். அந்தச் சர்க்கரையின் முதுகில் கொஞ்சம் கதிரியக்கத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். நரம்பில் செலுத்தினால் உடம்பில் எந்த இடம் பசியோடு இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மூளைக்கு எப்போதும் பசி. புற்றுநோய்க்கு இருப்பதோ அகோரப் பசி. சர்க்கரை உட்கார்ந்த இடமெல்லாம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரம் ஆவதற்குள் அதன் வீரியத்தில் பாதி போய்விடும், அப்புறம் மீதியில் பாதி. அதனால் மீட்டர் ஆயுசு முழுக்கக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு மணி நேரம் தனியறையில் போர்வைக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடந்தால் கால் தசை சர்க்கரையைத் தின்னும். பேசினால் தொண்டை தின்னும். தின்ற இடமெல்லாம் ஒளிர்ந்து, இது நோயா வாயாடித்தனமா என்று டாக்டரைக் குழப்பும். ஆகவே பேசக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே மீட்டருக்குப் பேச்சு குறைந்துவிட்டது என்பார்கள்.

அவன் தொழிலுக்கு மூன்று கட்டளைகள். சீக்கிரம் முடி, தள்ளி நில், நடுவில் ஈயத்தை வை. நாலாவது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. படத்தை முதலில் பார்ப்பவன் நீதான், ஆனால் வாயைத் திறக்காதே. "டாக்டர் சொல்லுவார்" என்ற இரண்டே வார்த்தையை வைத்து இருபத்தாறு வருஷத்தை ஓட்டியிருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் இறந்த பிறகு அக்காவும் அவனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எல்லோரிடமும் தள்ளி நின்றே பழகிவிட்ட அவன் அக்காவிடம் மட்டும்தான் உட்கார்ந்து பேசுவான்.

அந்த அக்காதான் அன்று காலை எட்டரை மணிக்கு வெறும் வயிற்றோடு ஊசி அறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நாலு வருஷம் முன்பு மார்பில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். ஆறு மாதமாக முதுகில் வலி. பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் படம்.

சொந்தக்காரர்களுக்கு அவனே ஊசி போடக் கூடாது என்று டாக்டர் முணுமுணுத்தார். "அவங்களுக்கு நரம்பு கிடைக்காது சார். வேற யாரு குத்தினாலும் ஏழெட்டு ஓட்டை விழும்" என்று மீட்டர் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான்.

"என்னடா, ஊசியை இத்தனை தடவை சரிபாக்கிற? தினம் பத்து பேருக்குக் குத்துறவன்தானே?"

"பேசாம இரு அக்கா."

"அதான் இன்னும் குத்தலையே. குத்துற வரைக்கும் பேசலாம்ல?"

முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டரிடம் சொல்லிக் காத்திருந்த காலத்தில் ஊரே அவள் காது வழியாகப் போய் வந்தது. மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து, வெண்ணெய் போன்ற குரலில், "மூன்று நிமிடம் முடிந்தது, லைனை வெட்டுகிறேன்" என்பாள். காதலோ கடனோ கண்ணீரோ, மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்தான். வீட்டிலும் இதைச் சொல்லித்தான் சண்டையை முடிப்பாள். அத்தானிடம் சொல்வாள், மகளிடம் சொல்வாள், தம்பியிடம் தினமும் சொல்வாள்.

"டேய், ஒண்ணு கேக்கணும்" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "ரிசல்ட் நாளைக்குப் பதினொரு மணிக்குத்தான் டாக்டர் சொல்வாராம். பாப்பா இன்னைக்கு நாலு மணிக்கே கூப்பிடுவா. நாளைக்கின்னு சொன்னா ராத்திரி பூரா தூங்க மாட்டா. அவ உடம்பு இருக்கிற இருப்புக்கு அது ஆகாது."

மீட்டருக்குத் தெரியாததா? அக்காவின் ஒரே மகள் வேறு ஊரில் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் படுக்கையில் இருந்தாள். முன்னால் இரண்டு முறை கரு தங்கிக் கலைந்து போயிற்று. இந்த முறை ரத்த அழுத்தம் வேறு. படுக்கையை விட்டு எழக் கூடாது, மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளைப் பார்க்கும் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இன்னும் ஐந்து வாரம் தாண்ட வேண்டும்.

"அதனால நீ பாத்ததை எனக்கு இன்னைக்கே சொல்லணும்."

"அக்கா, நான் சொல்லக் கூடாது. டாக்டர்..."

"டாக்டர் சொல்லுவார். தெரியும்டா. நானும் முப்பது வருஷம் அடுத்தவங்க வீட்டுச் செய்தியை முதல்ல கேட்டவதான். ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறந்தேனா? ஆனா இது என் வீட்டுச் செய்தி."

அவன் நரம்பைத் தேடினான். அவள் பக்கத்து மேஜையிலிருந்த அறிவிப்புத் தாளை எடுத்து வாசித்தாள். அவனே எழுதிய தாள். ஊசி போட்ட பின் ஆறு மணி நேரம் கர்ப்பிணிகளிடமிருந்தும் சிறு குழந்தைகளிடமிருந்தும் தள்ளி இருக்கவும் என்று அதில் இருந்தது.

"சரி. இப்ப மணி எட்டு அம்பது. ரெண்டு அம்பது வரைக்கும் உன் பக்கத்துல வர மாட்டேன். ரெண்டு அம்பதுக்கு வந்து உக்காருவேன். அப்ப சொல்லு."

"அது கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்தான்கா. எனக்கில்ல."

"நீ தினமும் வாங்குறவன். உன் சட்டையில குத்தியிருக்கே ஒரு பட்டை, மாசாமாசம் எவ்வளவு வாங்கினேன்னு சொல்லுமே, அதுல என் பங்கும் ஏறணுமா? போடா."

முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஈய உறைக்குள்ளிருந்த மருந்து அக்காவுக்குள் போய்ச் சேர்ந்தது. அவளைத் தனியறையில் படுக்க வைத்து, போர்த்தி, விளக்கைக் குறைத்து, கதவை மூடினான். பழக்கம் விடுமா? மூடியதும் இரண்டடி பின்னால் போய் நின்றான்.

தனியறையில் ஒரு கேமரா உண்டு. இந்தப் பக்கம் சின்னத் திரை, ஒரு மைக். யாராவது எழுந்து உட்கார்ந்தால், போனை எடுத்தால், மைக்கை அழுத்தி அதட்ட வேண்டும். மீட்டர் அதட்டினால் பெரிய ரவுடிகள்கூடப் படுத்துவிடுவார்கள். கால் மணி நேரம் அக்கா கட்டை மாதிரிக் கிடந்தாள். பிறகு உதடுகள் அசைய ஆரம்பித்தன. நிறுத்துவாள், மறுபடியும் அசைப்பாள். அவன் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். அக்கா எந்தச் சாமியையும் கும்பிட்டு அவன் பார்த்ததில்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்தான், அப்படி நினைக்க அவனுக்கு ஆசையாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக விதியை மீறி ஒருவரைப் பேச விட்டான்.

பத்து மணிக்கு இயந்திரத்தில் படுத்தாள். கூட வேலை பார்க்கும் பெண்தான் இயக்கினாள். இருபது நிமிடத்தில் படம் திரையில் வந்தது.

மூளை ஒளிர்ந்தது, சரி. சிறுநீர்ப்பை ஒளிர்ந்தது, அதுவும் சரி. அதற்கப்புறம் வந்த எதுவும் சரியில்லை. முதுகெலும்பில் மூன்று இடம். இடது இடுப்பெலும்பில் ஒன்று. ஈரலில் எண்ண முடியவில்லை. கூட இருந்த பெண் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல வெளியே போய்விட்டாள். மீட்டர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எத்தனை பேருடைய படத்தை இப்படிப் பார்த்திருக்கிறான்! ஒவ்வொரு முறையும் ஐயோ என்று இருக்கும், அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் போய்விடும். இப்போது அடுத்த ஆளைக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

கழுத்திலும் ஒரு வெளிச்சம். குரல்நாண் இரண்டும் சமமாக, பளிச்சென்று. அது நோயில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. இத்தனை வெளிச்சத்தில் ஒன்றே ஒன்றாவது ஒரு பாவமும் அறியாதது. இருந்தாலும் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும், நாளை டாக்டர் குழம்பக் கூடாது.

இயந்திர அறை வாசலில் நின்று கேட்டான். "உள்ள பேசினியா?"

"இல்லையே."

"அக்கா, படத்துல தெரியுது."

எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரி செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அதெல்லாமா தெரியும்? சும்மா முணுமுணுத்தேன்டா. நாக்கு நமநமன்னுச்சு."

அவன் திட்டவில்லை. சரி என்று சொல்லி, தாளில் குறித்துக்கொண்டு திரும்பினான். அக்கா ஒரு கணம் அவன் முதுகையே பார்த்தாள்.

அரை நாள் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். வீடு பதினைந்து நிமிட நடை. வண்டி வைக்கிறேன் என்றால், டிரைவர் என்ன பாவம் செய்தான் என்று மறுத்துவிட்டாள். அதோடு விட்டாளா, எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விட்டாள். தெருவுக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அக்கா, நடுவில் பஸ்ஸும் சைக்கிளும். முதுகு வலியில் அவள் மெதுவாக நடந்தாள். அவள் நின்றால் அவனும் நின்றான், அவள் காலெடுத்து வைத்தால் அவனும் வைத்தான். பேக்கரிக்கு முன்னால் அவள் கையைக் குவித்து, "டேய், பிரெட் வாங்கிக்கோ!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் இருவருக்கும் எட்டாம் பொருத்தம் போல என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் மீட்டருக்கு அந்தத் தூரம் சௌகரியமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நடந்திருந்தால் அவள் அவன் முகத்தைப் படித்திருப்பாள். இருபத்தாறு வருஷமாக ஈயத்துக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கு இன்று ஒரு தெரு கிடைத்தது.

வீட்டில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். நடுவில் கூடம் முழுவதும் காலியாகக் கிடந்தது. சுவரில் கடிகாரம். அவள் பிரெட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டாள். நிறையத் தண்ணீர் குடி என்றான், குடித்தாள். குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட்டாயா என்றாள், கூப்பிட்டேன் என்றான். மாடி வீட்டுக்காரன் மறுபடியும் செருப்பை நம் வாசலில் விட்டிருக்கிறான் பார் என்றாள், சரி நான் சொல்கிறேன் என்றான். வழக்கமாக இதற்கெல்லாம் அவன் அரை மணி நேரம் பொரிந்து தள்ளுவான்.

அவன் மனசுக்குள் கணக்கு ஓடியது. பன்னிரண்டு மணிக்குக் கால்வாசிக்கு மேல் இருக்கும். ஒன்றரைக்கு அதிலும் பாதி. அக்காவுக்குள் வெளிச்சம் அணைந்துகொண்டே வந்தது. சொல்லாமலிருக்க ஒரு வழி யோசித்தான். தெளிவாக வரவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று புளுகலாமா? நாளை பதினொரு மணிக்கு டாக்டர் உடைத்துவிடுவார். அப்புறம் இந்த வீட்டில் அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்?

இரண்டு ஐம்பதுக்கு அக்கா எழுந்தாள். கூடத்தைக் கடந்து, தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து, அவன் முழங்கால் இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு."

மீட்டர் சட்டையில் குத்தியிருந்த பட்டையைத் திருகினான்.

"காலைலேர்ந்து என்னைத் திட்டவே இல்லடா நீ" என்றாள் அக்கா. "உள்ள பேசினேன்னு தெரிஞ்சும் திட்டல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. குரலைக் கேட்டா எனக்குத் தெரியாதா? இருந்தாலும் உன் வாயால கேக்கணும். சொல்லு."

"பரவியிருக்குக்கா."

"எங்க?"

"முதுகுல மூணு இடம். இடுப்புல ஒண்ணு. ஈரல்ல..."

"ஈரல்ல நிறைய" என்று அக்காவே முடித்தாள்.

தலையாட்டினான். குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. அக்கா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அவன்தான் அழுதான், தோள் குலுங்க, சத்தமில்லாமல்.

"தொண்டையில?" என்று கேட்டாள்.

"தொண்டையில ஒண்ணுமில்ல. அது நீ பேசினது."

"ம்" என்றாள். "பாப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன்டா. நல்ல செய்தின்னா எப்படி வேணா சொல்லிடலாம். கெட்ட செய்தியா இருந்து, நல்லதுன்னு சொல்லணும்னா குரல் நிக்கணுமே. முதல் தடவை சொன்னப்போ பாதியிலேயே உடைஞ்சுபோச்சு. அப்புறம் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமா வந்துது."

அவனுக்கு அந்தச் சின்னத் திரை ஞாபகம் வந்தது. போர்வைக்குள் கிடந்து, உதடு அசைந்து, நின்று, மறுபடி அசைந்து. வேண்டுதலாம்! தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஏன்கா பொய் சொல்லணும்? அவளுக்குத் தெரியத்தானே போகுது?"

"அஞ்சு வாரம் போகட்டும். குழந்தையைக் கையில வாங்கிட்டு அப்புறம் என்னை நல்லாத் திட்டட்டும். இப்ப அவளுக்குத் தெரிஞ்சு, அங்க ஏதாவது ஆச்சுன்னா நான் எதுக்குடா இருக்கணும்?" பிறகு கேட்டாள், "அஞ்சு வாரம் இருப்பேன் இல்ல?"

"டாக்டர்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இருப்பக்கா. ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"அது போதும்."

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இரண்டு முறை அடிக்கவிட்டு எடுத்தாள்.

"பாப்பா, படம் பாத்தாச்சும்மா. எல்லாம் சுத்தமா இருக்காம். முதுகு வலி வெறும் எலும்புத் தேய்மானம். வயசாச்சு இல்ல? நீ நிம்மதியாப் படு."

வெண்ணெய். முப்பது வருஷம் ஊரையே மயக்கிய அதே குரல். ஒரு இழை நடுங்கவில்லை. எதிர்முனையில் மகள் அழுவதும் சிரிப்பதும் சமையலறை வாசல்வரை கேட்டது. சாப்பிட்டாயா, குழந்தை உதைக்கிறதா, காலைத் தூக்கி வைத்திருக்கிறாயா என்று அக்கா வரிசையாக விசாரித்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று மீட்டர் மூச்சு விட்டபோது, அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"மாமாகிட்ட குடுங்கறா. மாமா பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்றா."

ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தவளுக்கு இது தோன்றவே இல்லை. அவனோ வாழ்நாளில் ஒத்திகை பார்த்தவனே இல்லை. போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"மாமா? நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர் கண்ணை மூடினான். மூடியதும் அந்தப் படம் வந்து நின்றது. அதில் அவனால் வாய்விட்டுச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"தொண்டையில மட்டும் கொஞ்சம் வெளிச்சமா இருந்துச்சு. ஊசி போட்டா ஒரு மணி நேரம் பேசக் கூடாது. உங்கம்மா வாயை மூடினாளா? பூரா நேரமும் பேச்சு."

அந்தப் பக்கம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவைப் போய்ப் பேசாம இருக்கச் சொன்னீங்களா! நடக்குற காரியமா மாமா?" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு கேட்டாள், "அவ்வளவுதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

"அவ்வளவு..." என்றான் மீட்டர். அடுத்த எழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அக்கா போனைப் பிடுங்கினாள். "மூன்று நிமிடம் முடிந்தது, லைனை வெட்டுகிறேன்" என்றாள், பழைய ஆபரேட்டர் குரலில். மகள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே அக்கா லைனை வெட்டினாள்.

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம்தான் அவள் உதடு கோணியது. அழுகை வந்தது, குரலே இல்லாத அழுகை. மீட்டர் நாற்காலியை நெருக்கிப் போட்டு, அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தான். அவள் தலை அவன் சட்டையில் குத்தியிருந்த பட்டையின் மேல் சாய்ந்தது.

"அஞ்சு வாரம்டா" என்றாள் கடைசியில். "தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவா."